இரண்டு பேர் சட்டி

பெங்களூர்

அம்மாவுக்கு வெற்றிவேல் வணக்கத்துடன் எழுதுவது. மலையில் குளிர் இறங்கியிருக்கும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நானும் உன் மருமகள் நதியாவும் நலம்.

நீ வந்தபோது நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. எங்கள் ஸ்லோ குக்கர், காலையில் போட்டால் சாயங்காலம் வேகிற சின்னச் சட்டி. இரண்டு பேருக்குத்தான் அளவு. யாராவது வந்தால் இருக்கட்டும் என்று, நம் வீட்டு வழக்கப்படி நீ இன்னொரு கைப்பிடி சாமை போட்டுவிட்டாய். பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

"யாரு வர்றாங்கன்னு இவ்ளோ போட்டீங்க?" என்று நதியா கேட்டாள்.

"நான்தாம்மா வந்துகீறேன்" என்றாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி இவ்வளவு தூரப் பயணம் உனக்கு ஆகாது. அங்கேயே இரு. மலையடியில் ஒடுகத்தூரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் சாமை கொடுத்தனுப்பு. வீட்டுக்கு வேண்டாம், என் ஆபீஸுக்கு. வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

வாசித்துக் காட்டும் தமிழரசி அக்காவுக்கு: இதற்கு மேல் அம்மாவிடம் படிக்காதீங்க. நதியாவின் அம்மா எங்களோடு தங்க வருகிறார். நேற்றே பெரிய குக்கர் வாங்கிவிட்டோம். பழையதை அம்மாவுக்கு அனுப்புகிறேன். ஓர் ஆளுக்கு அது தாராளம்.