மாணவி என்று போட்டேன்

இன்று காலை அடுக்களை அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது, அரிசிமா டப்பாவுக்குப் பின்னால் நீ தந்த தேயிலைப் பெட்டி அகப்பட்டது. இலங்கையில் பிறந்தவளுக்கு அயர்லாந்திலிருந்து தேயிலை கொண்டுவந்து கொடுத்த ஒரே ஆள் நீதான். "அங்கத்தை ஆக்கள் எங்களைவிட மோசமாத் தேத்தண்ணி குடிக்கினம், வதனி. ஒருக்காப் போட்டுப் பார்" என்று சொல்லித் தந்தாய். மூடியபடியே முகர்ந்து பார்த்து நல்ல வாசம் என்றேன். நீ படியிறங்கியதும் அலுமாரியின் உள்மூலைக்குத் தள்ளிவிட்டேன். இத்தனை காலம் கழித்து இன்றுதான் பிரித்தேன். வாசம் போகவேயில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எரிச்சல் என்பது மரியாதையான சொல். பொறாமை. நீ இருந்த காலத்தில் இதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உயர்தரப் பரீட்சையில் எனக்கு இரண்டு ஏ, ஒரு பி. உனக்கு மூன்று சி. பள்ளிக்கூடத்தில் என் கொப்பியைப் பார்த்து எழுதியவள் நீ. பல்கலைக்கழகம் என்றால் அது எனக்குத்தான் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. ஆனால் நான் கலியாணம் கட்டிப் பாரிசுக்கு வந்தேன். நாலு வருடம் கழித்து நீ உன் அண்ணையோடும் அம்மாவோடும் வந்து பாரிசை ஒட்டிய லா கூர்னெவ்வில் குடியேறினாய். பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில், கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கும் கடையில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நாலு கதவு தள்ளி ஒரு சாப்பாட்டுக்கடையில் நீ ரோல்ஸ் சுற்றினாய். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உனக்கும் எனக்கும் ஒரே குளிர், ஒரே கால்வலி. இரண்டு பேருமே ஒன்றுமாகவில்லை.

ஒரு மத்தியானம் பொரித்த எண்ணெய் மணக்க மணக்கக் கடைக்குள் வந்து, ஒரு தாளை என் மேசையில் வைத்தாய். பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, இனி ஐரோப்பாவில் எங்கேயும் போய்ப் படிக்கலாம், அயர்லாந்தில் கோர்க் என்ற நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, வயது போனவர்களையும் படிக்க எடுக்கிறார்கள், உணவு அறிவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது என்றாய். மூச்சுவிடாமல் சொன்னாய்.

"ரோல்ஸ் சுத்தினதுக்கும் ஒரு டிகிரி குடுக்கினமாமோ?" என்றேன்.

நீ சிரித்தாய். "ஏன் படிக்க விரும்பிறன் எண்டு ஒரு கடிதம் கேக்கினமடி. இங்கிலீசிலை. நீ எழுதினா வடிவா இருக்கும்."

எழுதினேன். மறுக்கத் தோன்றவில்லை, உனக்கு இடம் கிடைக்காது என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன். எழுதத் தொடங்கியதும் கை தானாகப் போனது. ஒரு பொருள் ஏன் பழுதாகிறது, பால் ஏன் திரைகிறது, சூடு உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான் என்று எழுதினேன். இரசாயனப் பாடம் நடக்கும்போது மணி அடித்தால் எனக்குக் கவலை வரும் என்று எழுதினேன். மணி எப்போது அடிக்கும் என்று யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. அந்தக் கடிதத்தில் இருந்ததெல்லாம் நான்தான்.

நீ நின்றபடியே வாசித்தாய். "எடியே, இது நான் இல்லையே."

"இடம் கிடைக்கோணுமெண்டா இப்பிடித்தான் எழுதோணும்."

"அப்ப சரி. இனி நான் இதாய் மாறவேண்டியதுதான்" என்று மடித்துக் கைப்பைக்குள் வைத்தாய்.

இடம் கிடைத்தது. ரோல்ஸ் தட்டோடு ஓடிவந்து கடையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தாய். என்னைக் கட்டிப்பிடித்தாய். நானும் கட்டிப்பிடித்தேன். என் ஆசையை எழுதிக்கொடுத்து உன்னை அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரவு இவர் "என்ன, சாப்பிடேல்லையோ" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

பிறகு உன் படங்கள் வரத் தொடங்கின. மழையில் ஆறு, மழையில் பாலம், மழையில் நீ. வெள்ளை மேலங்கியும் கண்ணாடியும் போட்டு ஆய்வுகூடத்தில் நிற்கிறாய். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, உனக்குப் பின்னால் தட்டில் இருந்த குடுவைகளைக்கூட எண்ணினேன். உன் தகவல்களுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பதில் போடுவேன். எனக்கும் வேலை இருக்கிறது என்று நீ நினைக்கவேண்டும்.

முதல் வருடம் கணிதத்தில் தவறிவிட்டாய். தொலைபேசியில் அழுதாய். "எல்லாம் சின்னப் பிள்ளையள், வதனி. பத்தொன்பது வயசு. கேள்வியை வாசிக்க முன்னம் எழுதுதுகள்." அரை மணித்தியாலம் உனக்கு ஆறுதல் சொன்னேன். அழகாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் கேசரி கிண்டினேன். "என்ன விசேசம்?" என்று இவர் கேட்டார். ரவை பழுதாகப் போகிறது என்றேன். மறுபடி எழுதி நீ பாஸ் பண்ணியபோது வீட்டில் ஒன்றும் கிண்டவில்லை.

மூன்றாம் வருடம் ஈஸ்டர் விடுமுறையில் என்னைக் கோர்க்குக்குக் கூப்பிட்டாய், வந்தேன். உன் அறை சிறியது, குளிர், சுவரில் பூஞ்சணம். சனி, ஞாயிறுகளில் ஒரு விடுதியில் கோப்பை கழுவுகிறாய் என்று அறிந்ததும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. ஆனால் மறுநாள் உன் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போனாய். உன் பெயரைப் பாதியாக நறுக்கிக் கூப்பிட்டார்கள். அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. நீயோ அவர்களைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிச் சிரிக்க வைத்தாய். காகிதத்தில் இவ்வளவு ஆங்கிலம் எழுதுகிற நான் வாய்க்குள் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு இருந்தேன். "என்ரை கடிதத்தை எழுதினது இவதான்" என்று என்னைக் காட்டினாய். அவர்கள் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

மேட்டுத்தெருவில் ஏறி வரும்போது வெண்ணெய் ஏன் அந்த நாட்டில் அவ்வளவு மஞ்சள் என்று விளக்கிக்கொண்டே வந்தாய். பசு, புல், நிறம் என்று கை ஆட்டி ஆட்டி. "ஏன் எண்டு கேக்கத் தொடங்கினா நிப்பாட்டேலாதடி" என்றாய். அது என் கடிதத்தில் இருந்தவள் பேசுகிற பேச்சு. சொன்னபடியே மாறியிருந்தாய். திரும்பி வரும் விமானத்தில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். கோர்க் எப்படி என்று இவர் கேட்டதற்கு மழை என்று மட்டும் சொன்னேன்.

கடைசி வருடம், கடைசி ஆய்வறிக்கை மட்டும் மிச்சம் இருக்கும்போது உனக்கு இரத்தத்தில் புற்று என்றார்கள். பாரிசுக்கே வந்து பொபினி ஆஸ்பத்திரியில் படுத்தாய். ஒப்பித்தாலுக்கு நான் கிழமைக்கு மூன்று முறை வந்தேன். கஞ்சி கொண்டுவந்தேன். அதில் பொய் இல்லை. மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டாய்:

"மிச்சத்தை நீ எழுதித் தாவன்."

விளையாட்டாகத்தான் கேட்டாய். எனக்கு முகம் மாறிவிட்டது. "இந்தமுறை நீயே எழுது" என்றேன்.

"ஓம், இப்ப எனக்கே எழுதத் தெரியும்" என்று சிரித்தாய். இரண்டு பக்கம் எழுதினாய். அதற்கு மேல் முடியவில்லை.

உன் மரண அறிவித்தல் என் மேசைக்குத்தான் வந்தது. வேறெங்கே போகும். அண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் சனம் செத்தவருக்கு எந்தக் குறையும் வைக்காது. பிறப்பிடம், வதிவிடம், சகோதரங்கள் இருக்கும் நாடுகள், படித்த படிப்பு, ஒன்றும் விடுபடாது. கொஞ்சம் கூடினாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இத்தனை வருடத்தில் எத்தனை கிளாக்கரைப் பள்ளிக்கூட அதிபராக்கி அடித்திருக்கிறேன். உன் பெயருக்கு மேலே அண்ணை எழுதியிருந்தார்: அயர்லாந்துப் பல்கலைக்கழகப் பட்டதாரி.

"அவள் இன்னும் முடிக்கேல்லை அண்ணை" என்றேன்.

"பட்டதாரி எண்டே போடு பிள்ளை. ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

தலையாட்டினேன். அவர் வெளியே போய்ப் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் போட்ட கை, உனக்கு மட்டும் போட மறுத்தது. நீ முடித்திருந்தாலும் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். பல்கலைக்கழக மாணவி என்று அடித்தேன். திருத்தம் பார்க்க அவரைக் கூப்பிட்டபோது உன் படத்தைத்தான் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "சரி பிள்ளை" என்றார். அன்று மாலையே லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் நீ இருந்தாய், முப்பத்தாறு வயது மாணவியாக. வேலை முடிந்து போகும்போது ஒவ்வொரு கடையிலும் நின்று வாசித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது.

தகனத்தன்று அண்ணை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. உன் அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"அவன் கோவிக்கிறான். நீ ஒண்டும் யோசிக்காதை. பட்டதாரி எண்டு போட்டிருந்தா அவளுக்கே கோவம் வந்திருக்கும். நான் படிச்சுக்கொண்டிருக்கிறன் அம்மா எண்டுதான் கடைசி நாளும் சொன்னவள். அண்ணனுக்கும் தெரியேல்லை, எனக்கும் உது தோன்றேல்லை. என்ரை பிள்ளையைச் சரியா விளங்கி வைச்சிருந்தது நீ ஒருத்திதான்."

"ஓம் அம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவரைப் பார்க்க லா கூர்னெவ்வுக்குப் போகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார். மகளை விளங்கிக்கொண்ட சினேகிதி. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று படியேறுகிறேன். சொன்னால் அவருக்கு உன்னைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்குகிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நீ பெற்ற எல்லாவற்றிலும் எனக்குக் கண் இருந்தது. உன் அம்மாவின் வாயால் எனக்கு வந்த இந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.