ஓசூரில் இல்லாத அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

இந்த 'அன்புள்ள'வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன். மூன்றாம் முறை அடிக்க மனசு வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அன்பு இல்லாத இடத்தில் இவ்வளவு கோபம் வருமா என்ன?

ஊர்க்கணக்கில் நீங்கள் இறந்து நாற்பத்தொன்பது நாள் ஆகிறது. என் கணக்கில் நாற்பத்தாறு. நடுவில் இருக்கிற மூன்று நாள் நீங்கள் எனக்கு மட்டும் ஓசூரில் உயிரோடு இருந்தீர்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது. கால் வீங்கி என் செருப்பு எதுவும் நுழையவில்லை. உங்கள் நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறேன். கீழ்க்கட்டளை வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா செம்பாக்கத்தில் எங்களோடு வந்துவிட்டாள். சின்ன அறை தயார். சுவருக்கு மஞ்சள், ஜன்னலுக்குக் கொசுவலை, மூலையில் தூளி ஸ்டாண்டு. உங்கள் மாப்பிள்ளை தினேஷ் ஹாலில் படுக்கிறார். நான்தான் அங்கே படுக்கச் சொன்னேன்.

போன தடவை மூன்றாம் மாதமே கலைந்துபோனது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்த முறை ஐந்து மாதம் முடியும்வரை ஒரு கிலுகிலுப்பைகூட வாங்காமல் பயந்துகொண்டே இருந்தோம். ஐந்து முடிந்த மறுநாள் தினேஷ் சாமான் போட்டுவைத்திருந்த அந்தச் சின்ன அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். நீங்கள் உடனே வந்து வாசலில் நின்றபடியே சட்டம் போட்டீர்கள்.

"வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீட்ல ஆணி அடிக்கக் கூடாது மாப்பிள்ளை. சுவத்துல ஓட்டை போடக் கூடாது. பெயின்ட் அடிச்சுக்குங்க, பரவால்ல."

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஃபோர்மேன். மயிரிழை பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்புகிற ஆள். பெயின்டுக்கும் ஆணிக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும், "பெரியவங்க சொல்லியிருக்காங்க, விடு" என்று முடித்துவிட்டீர்கள். நானும் தினேஷும் உங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

அடுத்த வாரம் ஓசூர் வந்தது. கம்பெனியில் புது யூனிட் போடுகிறார்கள், மெஷினைப் பொருத்திக் கொடுக்க உங்களைக் கூப்பிடுகிறார்கள், மூன்று மாதம் ஆகும் என்றீர்கள். ரிட்டயர்டான மனுஷனை இன்னும் தேடுகிறார்களே என்று எனக்குப் பெருமை வேறு. பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னேன்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் போன் வரும். "இன்னைக்கு என்ன வேலை நடந்துச்சு?" என்பீர்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஆணி அடிக்காமல் கொசுவலை எப்படி நிற்கும் என்று கேட்டதற்கு, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டுகிற பட்டை டேப்பை நீங்கள்தான் சொன்னீர்கள். உத்தரத்தில் கொக்கி போட முடியாது என்பதால் எஸ்டேட்டில் சொல்லி இரும்புக் குழாயில் தூளி ஸ்டாண்டு செய்து அனுப்பினீர்கள். ஒரு நாள் உங்கள் பக்கம் பீப் பீப் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. அது என்ன என்றேன். "புது மெஷின்டா, அலாரம் அடிக்குது. இன்னும் செட் ஆகல" என்றீர்கள். மெஷின்காரர் சொன்னால் மெஷின்தானே. நம்பினேன்.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருந்தீர்கள் அப்பா. என் ஸ்கேனுக்கு அந்த வழியாகத்தான் போய்வந்தேன்.

அம்மா திடீரென்று பக்தி முற்றி தினமும் கோயிலுக்குப் போனாள். என் குழந்தைக்காகத்தான் என்று நினைத்து நெகிழ்ந்தேன். தினேஷ் ஆபீஸ் விட்டதும் ஹார்டுவேர் கடைக்கு என்று போய் ஒன்பது மணிக்கு வருவார். ஒரு நாள் பிரஷ் சரியில்லை, மறுநாள் கலர் கலக்கித் தரவில்லை, அதற்கு மறுநாள் டேப் ஸ்டாக் இல்லை. ஒரு கொசுவலை ஒட்ட மூன்று வாரம்! செம்பாக்கம் ஏரிக் கொசு முழுக்க எங்கள் வீட்டில் குடியிருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மத்தியானம் நானே மெதுவாக நடந்து கடைக்குப் போனேன். கடைக்கார பாய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உட்காரச் சொன்னார். "தம்பி இந்தப் பக்கம் வந்தே மூணு வாரம் ஆச்சேம்மா. எல்லா டேப்பும் இருக்கு. எத்தனை மீட்டர் வேணும்?" என்றார். டேப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். வேறென்ன நினைப்பேன்? மனைவி உண்டாகியிருக்கிற நேரத்தில் புருஷன் பொய் சொல்லிவிட்டு எங்கேயோ போகிறான் என்றால், எந்தப் பெண்ணும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன்.

அன்று ஏழு மணிக்கு உங்களிடம்தான் சொன்னேன். "அப்பா, அவரு எங்கிட்ட பொய் சொல்றாருப்பா. எங்க போறாருன்னே தெரியல. எனக்கு பயமா இருக்கு." அம்மாவிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். நீங்கள் மெதுவாக, மூச்சு வாங்க, "மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லம்மா. அவருக்கு நான் ஜவாப்தாரி. நீ நிம்மதியா தூங்கு" என்றீர்கள்.

அப்போது தினேஷ் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அழுததை இரண்டு பேரும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு என்ன செய்தீர்கள்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்களா? ஒருவராவது, போதும், சொல்லிவிடலாம் என்று சொன்னீர்களா? இதை தினேஷிடம் பல முறை கேட்டுவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார்.

அவர் நல்லவர் என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. இரண்டு மாதம் பெற்ற பிள்ளைபோல உங்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த அந்த இரண்டு மாதம் எனக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதன் பிறகு வளைகாப்பு. ஒரே மகள், ஒரே வளைகாப்பு. "ஒரு நாள் லீவு கேக்க மாட்டீங்களாப்பா?" என்றேன். "முதலாளி விட மாட்டேங்கறாரும்மா" என்றீர்கள். சரி, வீடியோவிலாவது வாருங்கள் என்றேன். இங்கே நெட் இல்லை என்றீர்கள். இரண்டு கையிலும் வளையல் நிறைந்திருந்தது, எனக்கு அழுகையாக வந்தது. நான் பெரிதா, மெஷின் பெரிதா என்று கத்திவிட்டு போனை வைத்தேன். அடுத்த நாலு நாள் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கெஞ்சட்டும் என்று நினைத்தேன் அப்பா. நமக்குள் இன்னும் மூன்று வாரம்கூட மிச்சமில்லை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாலு நாளை என்னை வீணாக்க விட்டீர்கள். இதை எப்படி நான் மன்னிப்பது?

நீங்கள் போன அன்று தினேஷ் விடியும்போதே அவசர வேலை என்று கிளம்பினார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தவர் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அப்புறம் சின்ன அறைக்குள் போய்ப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். சாப்பிடக்கூட வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது ஏற்கெனவே அடித்து முடித்த சுவரிலேயே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அது நேத்தே முடிச்சதுங்க" என்றேன். "வாசனை ஆகாது, நீ உள்ள வராத" என்றார், திரும்பாமலே.

மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் பாடை தூக்கக் கூடாது, சுடுகாட்டுக்கும் போகக் கூடாது. உங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்த மனுஷனைத் தெருமுனையிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்காக அழக்கூட அன்றைக்கு எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பெயின்டை வீணாக்குகிறார் என்று முணுமுணுத்துவிட்டுப் போனேன்.

இரண்டு நாள் உங்கள் போன் வரவில்லை. ஓசூரில் டவர் இல்லையாம். மூன்றாம் நாள் காலை நானே கூப்பிட்டேன். எடுத்தது அம்மா.

"அப்பா போன் உங்கிட்ட எப்படிம்மா?"

"அப்பா குளிக்கறாருடி" என்றாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் நம் கீழ்க்கட்டளை வீட்டுக் காலிங்பெல் குருவிபோலக் கத்தியது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்?

கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். "இன்னாமா, இந்த மாரி நேரத்துல தனியா வந்துகினு கீறே? வூட்ல யாரும் இல்லியா?" என்றார் டிரைவர். வழி முழுக்க, "பள்ளம் வருது, கெட்டியா புட்ச்சிக்கோ" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு மாதத்தில் எனக்குப் பள்ளம் வருவதை முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே நாற்காலியில் உங்கள் படம், மாலை, விளக்கு. என் கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள். உங்கள் தோளில் வளையல் போட்ட என் கை மட்டும் இருந்தது. என்னைக் காணோம். பார்த்தபடியே நின்றேன். உங்கள் தங்கை, வசந்தா அத்தை, ஓடிவந்து என்னை வெளியே தள்ளினாள். "ஏன்டி இங்க வந்த? புள்ளைய சுமந்துக்கிட்டு இழவு வீட்டுக்குள்ள வரலாமா? போடி, வெளிய போ!" நான் பிறந்து வளர்ந்த வீடு அப்பா. வாசல் படியில் உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

தினேஷ் வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ஏன் என்று. "மாமா என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு பவானி. போன தடவை மாதிரி ஆயிட்டா நான் செத்தும் நிம்மதியா இருக்க மாட்டேன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். புரியாமல் இல்லை. ஆனால் என்னிடம் யாராவது கேட்டீர்களா? போன தடவை எந்தச் சாவுச் செய்தியும் கேட்காமல்தானே கலைந்தது? இந்த முறை வாசல் படியில் உட்கார்ந்து அத்தனை அழுகை அழுதேன், உங்கள் பேரப்பிள்ளை உள்ளே உதைத்துக்கொண்டுதான் இருந்தது. அது நம்மைப்போல இல்லை, தைரியமான பிள்ளை.

கடைசியாக ஒரு சேதி. நேற்று ஸ்கேனுக்குப் போனோம். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள் டாக்டர் அம்மாவிடமும் தினேஷிடமும் ஏதோ சொல்லிமுடித்திருந்தார். அம்மா தினேஷைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டியதை நான் கவனித்தேன். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

காரில் திரும்பும்போது ஏரிக்கரை தாண்டியதும் தினேஷ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "பவானி, பனிக்குடத் தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்காம். ரெஸ்ட் எடுக்கணும், நிறைய தண்ணி குடிக்கணும். திங்கக்கிழமை மறுபடி பாப்பாங்க. அப்பவும் கம்மியா இருந்தா உடனே அட்மிட் பண்ணணும்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, நான் எதையும் மறைக்கல" என்றார். பின்சீட்டில் அம்மா, "ஏன்ப்பா சொன்னீங்க, அவ பயப்படுவாளே" என்று அழுதாள்.

பயந்தேன்தான். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து பயந்தோம். தினேஷின் கையைப் பிடித்துக்கொண்டேன், நாற்பத்தாறு நாளுக்குப் பிறகு முதல் தடவை. அவரை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. இன்றும் ஹாலில்தான் படுக்கை. உங்களை மன்னிக்கவில்லை. அவராவது எதிரே உட்கார்ந்து திட்டு வாங்குகிறார். நீங்கள் திட்டக்கூட இடம் வைக்காமல் போய்விட்டீர்கள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். திங்கட்கிழமை நல்லபடியாகப் போய், இந்தப் பிள்ளை என் மடிக்கு வந்து, வளர்ந்து ஆளாகி, எனக்கும் ஒரு நாள் உங்களுக்கு வந்ததுபோல ஒரு நோய் வந்தால், முதலில் அந்தப் பிள்ளையிடம்தான் சொல்வேன். அது எந்த நிலைமையில் இருந்தாலும் சொல்வேன். அழும். அழட்டும். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழட்டும்.

அந்தக் கட்டில் ஓரம் கிடைக்காத உங்கள் மகள்,
பவானி