வாரத்துக்கு ஒரு மாதம்

நாடுகாணி,
14-9-1974

எங்கள் ஒற்றைப் பிள்ளை பொன்னாயிக்கு அப்பா இருளப்பன் எழுதுவது. மாப்பிள்ளை வடிவேலுக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் இருவரின் அன்பையும் சொல்லு.

முதலில் வெட்கத்தை விட்டு ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கப்போவதாக இங்கே அறுபத்திரண்டு வீட்டு ஜனமும் மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்தது. உன் அம்மாவுக்கு வயது நாற்பத்து நான்கு. எனக்கு ஐம்பதுக்கு ஒன்று குறைவு, முழங்காலுக்கு மட்டும் எழுபது. அப்படி எதுவும் இல்லை, பதறாதே. சிலோனிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்தவர்களில் எவராவது அங்கே எழுதி, அது உன் காதுக்கு வந்து சேருவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். தப்பு என்னுடையது. கொஞ்சம் உன்னுடையதும்.

எப்படி என்று கேள். இந்த அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் பகலில் கொழுந்து நிறுக்கிற வேலை. சாயந்திரம் ஆறரைக்கு வேறொரு உத்தியோகம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் ஆள் கூப்பிட ஒரு மைக் செட் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கூரைக்கு மேலே இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறது. மற்ற நேரத்தில் அது சும்மாதானே கிடக்கிறது, ஜனங்களுக்குப் பிரயோஜனமாக ஏதாவது பேசுங்கள் என்று தோட்டத்து அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவனுக்கு உடம்பு கெட்டுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து நான்தான் லயத்து ரேடியோ. சிலோன் ரேடியோவில் பேசுகிறவர்கள் மாதிரி குரலைத் தேனில் முக்கி எடுத்து வணக்கம் சொல்வேன். எதிர்லயத்து நாய் தினமும் பதில் வணக்கம் சொல்லும்.

கால் மணி சுகாதாரம், கால் மணி அரசியல், கால் மணி பாட்டு. சுகாதாரம் பேச டிஸ்பென்சரி நர்ஸ் ஜெஸிந்தா வரும். அரசியலுக்கு யூனியன்காரர் ராஜரத்தினம். பேப்பரை வாசித்து, ரேஷன் கார்டுக்கு எங்கே மனுப் போடுவது, வாக்காளர் பட்டியலில் பேர் சேர்ப்பது எப்படி என்றெல்லாம் விளக்குவார். பாட்டுக்கு ஐந்து இசைத்தட்டு. அதில் இரண்டு ஒரே வரியில் நின்று நிலைகுத்தும். அவற்றை வைத்தால்தான் எனக்கு டீ குடிக்க நேரம் கிடைக்கும்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் போன மாதம் உன் கடிதம் வந்தது. ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாய். பாண் ரொட்டிக்கு விடிவதற்கு முன்னாலேயே வரிசை, அரிசியைக் கண்டு நாளாகிறது, மரவள்ளிதான் ஓடுகிறது, ஆனால் நான் குண்டாகத்தான் இருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாத பெற்றோர் ஆகிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டுக் குடியுரிமை மனு சிலோன் பக்கம் நின்றது, நம் மனு இந்தியா பக்கம் வந்தது. யாரைக் குறை சொல்ல? அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். “இதை இங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க. பெத்த மகளை அங்க விட்டுட்டு இவ எப்படிச் சோறு திங்குறான்னு கேப்பாங்க.” சரி என்று தலையாட்டினேன். நானும் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. மைக்கைத்தான் திறந்தேன்.

உனக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் பொம்பளை யாரும் இல்லையே என்று எனக்கு ஒரே அரிப்பு. ஜெஸிந்தாவிடம் போய், அடுத்த வாரத்திலிருந்து கர்ப்பிணிகளைப் பற்றிப் பேசேன் என்றேன். எல்லாவற்றையும் எழுதி உனக்கு அனுப்பலாம் என்று திட்டம். முதல் வாரம் ஐந்தாம் மாதம், இரண்டாம் வாரம் ஆறாம் மாதம் என்று நானே பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவனும் நானே. கால் எப்போது வீங்கும், தலைவலிக்கு என்ன அர்த்தம், பிள்ளை எத்தனை தடவை துள்ள வேண்டும் என்று நான் கேட்ட கேள்வியில் அந்தப் பெண்ணே மிரண்டுபோனது. முட்டை, ஈரல், பேரீச்சம்பழம், தினம் ஒரு டம்ளர் பால் என்று அது அடுக்கிக்கொண்டே போனபோது என்னால் தாங்க முடியவில்லை. இதெல்லாம் கிடைக்காத ஊரில் என்னம்மா செய்வது என்று கேட்டுவிட்டேன். “அது எந்த ஊருங்க?” என்றது. எனக்குப் பலமாக இருமல் வந்துவிட்டது.

ஆனால் மறுநாள் அதுவே ஒரு கீரைப் பட்டியலோடு வந்தது. கவனமாகக் குறித்துக்கொள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எது அகப்பட்டாலும் தினம் ஒரு கைப்பிடி. இங்கே ராகி என்பார்கள், நமக்குக் குரக்கன், அதைக் கூழாகக் காய்ச்சிக் குடி. பயறு கிடைத்தால் முளை கட்டித் தின்னு. மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடு. கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார், வெளுத்திருந்தால் தோட்டத்து டாக்டரிடம் இரும்புச்சத்து மாத்திரை கேள். முகம் வீங்கினாலோ, கண் மங்கினாலோ, ரத்தம் பட்டாலோ ஒரு நிமிஷமும் வீட்டில் இராதே. கொழுந்துக் கூடையை அதிகம் ஏற்றாதே. மாமியார் ஏதாவது சொன்னால் அப்பா சொன்னார் என்று சொல். ஏழாயிரம் பேர் கேட்கிற ரேடியோவில் சொன்னார் என்று சேர்த்துச் சொல். அறுபத்திரண்டு வீடு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது ஊர்ப்பக்கம் வருகிறேன். இந்த லயத்தில் இப்போது பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திகூட இல்லை. இருந்த இரண்டு பேரும் ஆனியிலேயே பெற்றெடுத்துவிட்டார்கள். பிறகு யாருக்காக இந்த இருளப்பன் இப்படி விழுந்து விழுந்து கேட்கிறான்? அடுப்படி அடுப்படியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். விடையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு முதலில் தெரிந்தது டீக்கடையில்தான். கடை நடத்துகிற ராக்கம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுஷி. “ஏனுங்கண்ணா, ஊட்டுல விசேஷமாமுங்க? அக்காளை இந்த வயசுல பத்திரமா பாத்துக்கோணுமுங்க” என்று சொல்லி, அக்காளுக்கு என்று இரண்டு பருப்பு வடையைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள். அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும், வடையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து பாதி வழியில் இரண்டையும் நானே தின்றேன். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்.

அவளுக்கோ ஒன்றும் தெரியாது. மலையில் கொழுந்து பறிக்க அவளுக்கு மேடு இல்லாத தேயிலை நிரையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். கூடை கொஞ்சம் கனத்தால் யாராவது வந்து தூக்கிக்கொண்டார்கள். மழையில் அட்டை கடித்தால் நாலு பேர் ஓடி வந்து பிடுங்கினார்கள். “இந்த ஊரு சனம் தங்கமுங்க” என்று வந்து சொன்னாள். ஆமாம், சொக்கத் தங்கம் என்றேன்.

ராஜரத்தினத்துக்கு மட்டும் கோபம். ஜெஸிந்தா பேச்சு நீண்டு நீண்டு அரசியலின் கால் மணியில் பத்து நிமிஷத்தைத் தின்றுவிட்டது. “யோவ், கூலி உயர்வுக்கு அஞ்சு நிமிசம், உன் வூட்டு விசயத்துக்கு அரை மணியா?” என்று மைக்கை அணைத்துவிட்டுக் கத்தினார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரில்லை. மறுநாளே அதை அரசியலாக்கிவிட்டார். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவின் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது, பச்சைப் பிள்ளைகளை எங்கே போடுவது, இனி பிறக்கப்போகிற பிள்ளையும் நனையலாமா என்று ஒரு வாரம் முழங்கினார். கூரைக்குப் புதுத் தகடு வந்து இறங்கிவிட்டது. பிறக்காத பிள்ளை ஒன்று பிறந்த பிள்ளைகள் இருபது பேருக்குக் கூரை போட்டுக் கொடுத்தது. இந்தத் தோட்டத்தில் இதுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதுவும் நான் நினைக்காமலே நடந்தது.

மூன்றாம் வாரம் ஏழாம் மாதம். ஜெஸிந்தா அதைப் பேசி முடித்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் முப்பது பொம்பளைகள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு. ராக்கம்மாகூடக் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். நடுவில் மணை போட்டு உன் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத்தானே வளையல் போடுவது என்று ஒருத்தி இழுத்தாள். “இருவது வருசம் களிச்சு வந்தா அதுவும் தலைப்பிரசவந்தான்டி” என்று இன்னொருத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. நான் கதவுக்குப் பின்னால் பாதியும் முன்னால் பாதியுமாக நின்றேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது எனக்கில்லை ஆத்தா. என் மவளுக்கு. அங்க தனியா கெடக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை முழுக்க வந்துவிட்டது.

எவளும் கேட்கவில்லை மகளே, எப்படிச் சோறு திங்குறாய் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேட்க அவர்களில் யாருக்கு வாயிருக்கிறது? ஒருத்திக்கு அண்ணன் அங்கே, ஒருத்திக்குத் தாய் அங்கே. முதலில் பேசியது ராக்கம்மாதான். “கையை நீட்டுங்க அக்கா. நீங்க போட்டா அவ போட்ட மாதிரிதானுங்க” என்றாள். முப்பது பேரும் வரிசையாக வந்து உன் பேரைச் சொல்லிச் சொல்லி அவள் கையில் வளையல் அடுக்கினார்கள். நான் வாசலுக்கு வந்து தூணை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே தூண்தான்.

அன்று சாயந்திரம் ரேடியோவில் அரசியல் இல்லை, ராஜரத்தினமே விட்டுக்கொடுத்துவிட்டார். பெண்கள் எல்லாரும் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் தெரிந்த தாலாட்டைப் பாடினார்கள். உனக்குக் கேட்க வேண்டுமாம், ஒரு குழாயைச் சிலோன் பக்கம் திருப்பு என்று ஒரே பிடிவாதம். சிலோன் எந்தப் பக்கம் என்று ஆண்களுக்குள் கால் மணி வாக்குவாதம். கடைசியில் ராஜரத்தினமே ஏணி வைத்து ஏறித் திருப்பினார். மறுநாள்தான் தெரிந்தது, அது நிலம்பூர் இறக்கத்தைப் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கத்து மலையாளத்துப் பிள்ளைகள் நன்றாகத் தூங்கியிருக்கும். அம்மா கடைசியாகப் பாடினாள். உனக்குப் பாடியதையேதான் பாடினாள், இரண்டாவது அடியில் குரல் போய்விட்டது. மற்றவர்கள் பிடித்து முடித்து வைத்தார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் எட்டாம் மாதம் பேசப் போகிறது ஜெஸிந்தா. இப்போது எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதால் ஒளிவுமறைவு இல்லை, கேள்வி கேட்க முப்பது பேர் வருகிறார்கள். உட்கார்ந்து எழுத எனக்குத்தான் கை வலிக்கும். எழுதி எழுதி அனுப்புவேன்.

நீ பயப்படாதே. மாப்பிள்ளையிடம் சொல்லு, வலி எடுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும், ராத்திரி என்றாலும் தோட்டத்து லாரியைக் கேட்கட்டும், துரை முறைத்தால் முறைக்கட்டும். நாம் கும்பிடுகிற அம்மன் இரண்டு பக்கமும் இருக்கிறாள், அவளுக்கு மனு, பாஸ்போர்ட்டு ஒன்றும் வேண்டாம். அவள் உன் தலைமாட்டில் நிற்பாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து, நல்லபடியாகச் சேர்ந்து, நீண்ட ஆயுசோடு இருங்கள்.

உன் அப்பா,
இருளப்பன்

பின்குறிப்பு: உன் விலாசத்தை எழுத, நீ அனுப்பிய உறையை இப்போதுதான் கையில் எடுத்தேன். கடிதத்தில் தேதி போடும் பழக்கம் உனக்குக் கிடையாது. முன்பக்கம், நாங்கள் கப்பலிறங்கி முதலில் தங்கிய மண்டபம் கேம்ப் விலாசத்தை அடித்துக் குன்னூர் என்றும், அதை அடித்துக் கோத்தகிரி என்றும், அதையும் அடித்து நாடுகாணி என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஊர்த் தபால் முத்திரை, விளக்கில் பிடித்துப் பார்த்தேன், மார்ச் ஒன்பது. அப்படியானால் என் பேரப்பிள்ளைக்கு இப்போது இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு வரி எழுது மகளே, உன் கையாலேயே எழுது.