காருக்கு அடியில் நீங்கள் ஒளித்தது

இஞ்சாருங்கோ,

போன மாதம் ரூபன் தன் கராஜ் வாசலில், துருப்பிடித்த இரும்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். சட்டி என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் காரின் அடியில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, புகையைச் சுத்தம் செய்வதற்கென்று பூட்டியிருந்த கொன்வேட்டர் அது. கருகிய எண்ணெய் மணம் அடித்தது.

"ரீச்சர், ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ" என்றான்.

தூக்கினேன். பார்வைக்கு இருந்த பாரம் கையில் இல்லை.

"உதுக்குள்ளை தேன்வதை மாதிரி ஒரு சாமான் இருக்கவேணும். அதுதான் புகையைச் சுத்தமாக்கிறது. இதுக்குள்ளை ஒண்டுமில்லை. ஆரோ வயித்தை வெட்டி, எல்லாத்தையும் வெளியாலை எடுத்துப்போட்டுத் திருப்பி ஒட்டியிருக்கினம். ஆர் செய்தது எண்டு தெரியேல்லை. ஆனால் நல்ல கை."

அவன் காட்டிய ஒட்டைக் குனிந்து பார்த்தேன். துருவுக்குக் கீழே மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாய், ஒரே அளவில், ஒரு நூல்கூட விலகாமல் ஓடியிருந்தது. எங்கள் வீட்டுப் படலையில் அதே வரிசை இருக்கிறது. கிணற்றுக் கப்பி தொங்கும் இரும்பிலும் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் பதினொரு வருடம் வெல்டிங் செய்த உங்கள் கை. ரூபனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். கொஞ்சம் இருக்க வேண்டும் போலிருந்தது. ஒரு ரயரின் மேல் இருந்துவிட்டேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் கார் படங்குக்குக் கீழே நின்றது. விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். நான் மானிப்பாயில் சாரதிப் பயிற்சிக்குப் போய், அறுபத்தொரு வயதில், இரண்டாம் தரத்தில் தேறி, லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் காரின் வரிப்பத்திரம் புதுப்பிக்கப் போனேன். புகைப் பரிசோதனையில் தேறாமல் அது கிடைக்காதே. வால்குழாயில் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். தேறவில்லை. ரூபன் காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக் மாற்றித் தந்தான். மறுபடி போனேன். மறுபடியும் தேறவில்லை.

அப்போதுதான் உங்கள் கோவையை எடுத்துப் பார்த்தேன். பழைய பரிசோதனைத் தாள்கள் எல்லாம் வருட ஒழுங்கில் இருந்தன. ஒவ்வொரு வருடமும் தேறியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மயிரிழையில். அன்றைக்கு ரயரில் இருந்தபடி அந்தத் தாள்களை ரூபனிடம் காட்டினேன்.

"ஐயா சோதினைக்குப் போக முதல் என்ன செய்யிறவர், ரீச்சர்?"

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம். காலைத் தேநீரைக் குடித்துவிட்டு, "சும்மா ஒருக்காக் காங்கேசன்துறை மட்டும் போட்டு வாறன்" என்று காரை எடுப்பீர்கள். திரும்பி வந்து வீட்டில் நிற்பாட்டாமல் நேரே பரிசோதனைக்குப் போவீர்கள். மூடிக் கிடக்கும் ஆலையைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறீர்கள் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒருமுறை அதை நினைத்து அடுக்களையில் நின்று கண் கலங்கியதும் உண்டு.

ரூபன் சிரித்தான். "எஞ்சினும் குழாயும் நல்லாச் சூடேறினால் புகை குறையும். ஐயாவுக்கு உள்ளுக்கை ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சிருக்கு."

அந்தச் சொல்லிலிருந்துதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. எப்போது வெட்டினீர்கள், ஏன் வெட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாய்.

மகள் என் வயிற்றில் இருந்த காலம். கார் அப்போது என் அண்ணையுடையது. வெளிநாட்டில் உழைத்து வாங்கியது. எங்கள் சண்டிலிப்பாயில் அப்படி ஒரு ஜப்பான் கார் வேறு இருக்கவில்லை. யுத்தத் தடையால் பெற்றோல் வடக்குக்கு வராத காலம் அது. தொடக்குவதற்கு மட்டும் சேலைன் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல், பிறகு ஓடுவது மண்ணெண்ணெயில். அண்ணை அதையும் அந்தக் காருக்குச் செய்ய மனமில்லாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். மருத்துவிச்சி என் வயிற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளை குறுக்கை கிடக்கு, இஞ்சை வைச்சிருக்கேலாது, கெதியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றபோது நீங்கள் அண்ணையிடம் ஓடினீர்கள். அவர் கார்த் திறப்பைத் தந்தார். தந்துகொண்டே, "கவனம். என்னட்டைக் கேளாமல் ஒரு ஆணியும் கழட்டக்கூடாது" என்றும் சொன்னார்.

பின்னேரம் இரண்டு மணி இருக்கும். மானிப்பாய் தாண்டும்வரை கார் மண்ணெண்ணெயில் ஓடியது. அதன்பின் இழுக்க முடியாமல் மூச்சு முட்டியது. ஆனைக்கோட்டையில் அடியோடு நின்றுவிட்டது. நீங்கள் என்னைத் தெருக்கரை வீடொன்றில் கொண்டுபோய் இருத்தினீர்கள். அந்த வீட்டுப் பெண் எனக்குப் பாய் விரித்து முதுகைத் தடவிவிட்டாள். வாசலால் உங்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. முழங்காலுக்கு மேலே நீங்கள் காருக்குக் கீழே. ஒருமுறை, அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டிராத ஒரு கெட்ட சொல் உங்கள் வாயிலிருந்து வந்தது. அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வலியின் நடுவில் நானும் சிரித்தேன்.

பிறகு கார் உறுமியது. வேலி மதில் எல்லாம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தோடுதான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கிய டொக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. மகள் பிறந்தாள். அடுத்த நாள் நீங்கள் வார்டுக்கு வந்தபோது வலது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். "றேடியேற்றர் தண்ணி பட்டுப்போச்சு" என்றீர்கள். அந்தத் தழும்பை முப்பது வருடம் தண்ணீர் சுட்டதென்றே நம்பித் தடவியிருக்கிறேன். சுட்டது கொதித்துக்கொண்டிருந்த இரும்பு. மண்ணெண்ணெய்க் கரியால் அடைபட்ட கொன்வேட்டரைத்தான் நீங்கள் அங்கே தெருவில் கழற்றி எறிந்திருக்கிறீர்கள். இல்லை, எறியவில்லை. பின்பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், எங்கோ ஜெனரேற்றர் ஓடிய ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து, வயிற்றை வெட்டி வெறுமையாக்கி, திருப்பி ஒட்டி, காரில் பூட்டி, கழுவித் துடைத்து அண்ணையிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு அண்ணை வந்தார். பிள்ளையைப் பார்த்தார். சாப்பிட இருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"கார் முந்தின மாதிரி இல்லை. சத்தம் தடிச்சுப் போச்சு. இவன் என்னவோ செய்திருக்கிறான்."

நீங்கள், "நான் ஒண்டும் செய்யேல்லை" என்றீர்கள்.

நான்தான் பேச்சை வளர்த்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணை, அவர் செய்யேல்லை எண்டால் செய்யேல்லை. அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை. உங்களுக்குத் தங்கச்சியை விடக் கார் பெரிசாப் போச்சு" என்றேன். அண்ணை எழும்பிக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். ஒரு வருடத்துக்குக் கிட்ட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் அன்றைக்கு இலையைப் பார்த்தபடி சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்தீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரூபனின் கராஜிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அரை நாள் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை. எனக்காக என் அண்ணையின் காரை உடைத்தீர்கள். அதற்கு என்ன? உலகத்தில் எவரிடமும் அதைச் சொல்லலாமே. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். உங்கள் பொய்க்கு நான் வாதாடி என் ஒரே சகோதரனோடு ஒரு வருடம் கதையாமல் இருந்தேன். அந்த ஒரு வருடத்துக்கு இன்னும் நீங்கள் எனக்குப் பதில் சொல்லவேண்டும்.

பின்னேரம் அண்ணைக்குக் கனடாவுக்கு அழைப்பெடுத்தேன். எழுபத்து மூன்று வயது. காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. சொல்லி முடித்தேன். அழுவாரோ என்று பயந்தேன்.

"அப்ப நான் சொன்னது சரி" என்றார்.

"ஓம் அண்ணை."

"முப்பது வருசமா ஒருத்தரும் நம்பேல்லை. மச்சாளும் நம்பேல்லை. எனக்கு விசர் எண்டு சொன்னவ." குரலில் அப்படி ஒரு திருப்தி. பக்கத்தில் இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டு, கொன்வேட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு திரும்பி வந்தார். குரல் தணிந்திருந்தது.

"தங்கச்சி, அவன் என்னைக் கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டன். அந்த வயசிலை எனக்கு அந்தக் கார்தான் பெரிசு. கேளாமல் செய்தது நல்லது."

சொல்லிவிட்டு, நீங்கள் போன செய்தி வந்த அன்றுகூட அழாத மனிதர், அழுதார்.

அவர் பிறகு கனடாவுக்குப் போனபோது காரை ஏன் உங்களிடம் விட்டுப் போனார் என்று கேட்டேன். "சத்தம் மாறின பிறகு அதிலை எனக்கு மனம் ஒட்டேல்லை. ஆனால் அவன் அதைத் துடைக்கிற விதத்தைப் பார்த்தன். பாவம் கழிக்கிறவன் மாதிரித் துடைச்சான்" என்றார்.

மகளுக்கும் சொன்னேன். கொழும்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா ஒரு வார்த்தை சொல்லேல்லையே" என்றாள். பிறகு, "அந்தக் கெட்ட வார்த்தை என்ன, அம்மா?" என்று கேட்டாள். சொல்லவில்லை.

ரூபன் கொழும்பில் உடைத்த கார்கள் விற்கும் இடமொன்றில் சொல்லி வைத்து, அதே காலத்துக் காரொன்றின் கொன்வேட்டரைப் பஸ்ஸில் எடுப்பித்தான். அளவு சற்று மாறியதால் குழாயை ஒரு விரல் வெட்டிப் பூட்டவேண்டி வந்தது. அவன் ஒட்டும் நல்ல ஒட்டுத்தான். உங்களுடையது போல இல்லை, ஆனால் நல்லது. முதல்முறை எஞ்சினைத் தொடக்கியபோது சத்தம் மெலிந்து, தடிப்புப் போய், யாரோ வேறு வீட்டுக் கார்போல நின்றது. அண்ணை கேட்ட பழைய சத்தம் இதுதானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக்கு நானே காரை ஓடிக்கொண்டு போனேன். நீண்ட சுற்று ஒன்றும் போகவில்லை. வீட்டிலிருந்து நேரே. இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "அம்மா, இந்த வயசுக் காருக்கு இது நல்ல கணக்கு" என்று தாளை நீட்டினாள். எல்லைக்கு எவ்வளவோ கீழே. தாளை உங்கள் கோவையில், கடைசித் தாளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வளவுப் பெண்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். வாசலில் சனம். வாகனங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்து, "அம்மா, டிறைவரை ஒருக்காக் கூப்பிடுங்கோ, காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கவேணும்" என்றார். கூட வந்த மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏறி எடுத்தேன். அவர் வாயைத் திறந்தபடி நின்று, பிறகு அவசரமாகக் கை காட்டி வழி சொல்லத் தொடங்கினார்.

கேணியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடலைப் பார்த்து இருந்தபோது உங்கள் கடைசி மாதம் ஞாபகம் வந்தது. மருந்து குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். எதைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருக்கவில்லை. திடீரென்று, "காரை விக்கவேண்டாம். நீர் ஓடுவீர்" என்றீர்கள். எனக்கென்ன விசரா என்று மனதுக்குள் நினைத்தேனே தவிர, மறுமொழி சொல்லாமல் போர்வையை இழுத்துவிட்டேன். நீங்களும் திருப்பிச் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தை இவ்வளவு நாளும் வைத்திருக்கிறேன். காலையில் படலையைத் திறந்து காரை வெளியில் எடுக்கும்போதெல்லாம் அது என்னோடு இருக்கிறது.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியை இப்போது எழுதுகிறேன்.

ஓடுறன்.