அக்கா சுமந்துவந்த ஃபில்டர் புத்தகம்

செவ்வாய், இரவு.

பினாங்கு வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பு: என் அக்கா நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவிட்டாள்! பல்கலைக்கழகப் புராஜெக்டுக்கு, வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் மைக்ரோவேவ் ஃபில்டர் செய்கிறாளாம்; அளவெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்கு இந்தத் தடித்த பழைய அமெரிக்கப் புத்தகம். கற்காலப் பிறவி.

"இது படிக்கிற புக்கா, படுக்கிற புக்கா? எல்லாம் என் பிடிஎஃப்ல இருக்கு லா. கட்டிக்குள்ள குடையற ரெசொனேட்டர் குழியோட அளவ பாயான் லெப்பாஸ் பட்டறைக்கு அனுப்பிட்டேன். காலையில வெட்டிருவாங்க."

"சரிபார்த்தியாடா தம்பி? இருக்கறது ஒரே அலுமினியக் கட்டி. தப்பா வெட்டினா என் புராஜெக்ட் போச்சு."

"யார்கிட்ட கேக்கற? போய்த் தூங்கு."

தூங்கிவிட்டாள். இன்னும் கேலி செய்யலாமென்று அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். என் பிடிஎஃப் அதே புத்தகத்தின் ஸ்கேன்தான்; அலகைச் சொல்லும் முன்பக்கம் மட்டும் அதில் இல்லை. அளவெல்லாம் அங்குலத்தில் இருக்கிறது. நான் மில்லிமீட்டர் என்று அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் போனை எடுக்கவில்லை. அவளை எழுப்பிச் சொல்ல வேண்டும். அவள் கதவுவரை போய்ப் போய்த் திரும்பி வருகிறேன்.