கை ஊன்றாமல் எழுந்த அம்மா

என் நினைப்பில் இன்னும் தோட்டத்தைச் சுற்றி வருகிற அப்பாவுக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். அம்மா இப்போது கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். இதற்கா ஒரு கடிதம் என்பீர்கள். நீங்கள் போனபிறகு நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

உங்கள் காரியம் முடிந்த அன்றே அம்மா கவுச்சியை விட்டுவிட்டார். முட்டைகூடக் கிடையாது. பகலில் ரசம், இரவில் கஞ்சி. வயசானவர்களுக்கு அதுதான் லேசு என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஊருக்கெல்லாம் பயறும் பருப்பும் மூட்டை மூட்டையாக விற்கிறவன் நான், என் அம்மா தட்டில் அது இல்லை. போன மழைக்காலத்தில் கிணற்றடியில் விழுந்தார். எலும்பு முறியாமல் தப்பித்தது.

பாலக்காட்டு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எலும்பு மெலிந்திருக்கிறது, அதைத் தாங்குகிற சதையும் கரைந்துவிட்டது. வயசாக ஆகப் புரதம் கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது. சிறுநீரகம் நன்றாக இருப்பதால் பயமில்லை, முட்டை கொடுங்கள், தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகட்டும் என்றார்.

“உங்கப்பன் போனதுக்கப்பறம் எனக்கெதுக்குடா முட்ட?” என்றார் அம்மா.

“அப்ப எங்ககூட டவுனுக்கு வந்துருங்கம்மா.”

“தோட்டத்த உட்டுட்டு உன்ற மாடியில பொம்மையாட்டம் உக்காரச் சொல்றியா?”

விலை படியவில்லை என்றால் நான் சண்டைக்கு நிற்பதில்லை, சரக்கை மாற்றிக் காட்டுவேன். “உங்க விரதத்தை நான் தொடலீங்க. நான் தர்றதைச் சாப்பிட்டு, டாக்டர் சொன்னாப்புல உக்காந்து எந்திரிச்சுப் பழகுங்க. கை ஊணாம எந்திரிச்சுட்டா டவுன் பேச்சையே எடுக்கமாட்டேன். இல்லீன்னா தை பொறந்ததும் வண்டி வரும்” என்றேன்.

உங்கள் மருமகள் தை வரை தோட்டத்திலேயே தங்கி, ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தாள். காலையில் பாசிப்பயறு தோசை. மதியம் பருப்பு தூக்கலாக அரிசிம்பருப்புச் சோறு, கெட்டித் தயிர். இரவில் கொள்ளு கடைந்தது. “என்னையக் குதிரைன்னு நெனச்சுட்டானா உன்ற புருசன்?” என்று அவளிடம் கேட்டாராம். பனீரை மட்டும் ரப்பர் என்று சொல்லிப் பூனைக்குப் போட்டுவிட்டார். ஆனால் உட்கார்ந்து எழுவதை ஒருநாளும் விடவில்லை.

தை பிறந்ததும் சொன்னபடி வண்டியோடு போனேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். முழங்கால் நடுங்கியது. பிடிக்கப் போனேன்.

“கைய எடுடா.”

அம்மா நின்றுவிட்டார், அப்பா. நேராக நின்றார்.

“வண்டியத் திருப்பிக்க. போறப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போ.”

எத்தனையோ பேரத்தில் ஜெயித்திருக்கிறேன். அதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. இதில் தோற்றதைக் கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிகிறேன். நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

அம்மாவை அந்த மண்ணிலிருந்து நான் பெயர்க்கமாட்டேன், அப்பா. எனக்கும் முழங்கால் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டத்துக்குப் போய், அம்மா எதிரில் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுவேன்.

அம்மாவிடம் தோற்றுப்போன உங்கள் மூத்த மகன்,
பழனிச்சாமி,
கொழிஞ்சாம்பாறை