சிவப்புக் கோடு போட்ட ஸ்கேல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே புழுக்கம். நேற்று மழை பெய்ததாகச் சொல்கிறார்கள், சேலையூர்ப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.

கார் குழு சந்திப்பு. கூடுவாஞ்சேரி தாண்டி வழக்கமான டீக்கடை. ஆறு வண்டி. ஓட்டுபவர்களில் பெண் ஒன்றே ஒன்று, வேறு யார், நான்தான். கடைக்காரர் இன்றும் என்னைத் தவிர எல்லோரிடமும் வண்டி என்ன மைலேஜ் என்று கேட்டார்.

பேசியவை:

எலி. கோபி சார் வண்டியில் ஒயரைக் கடித்துவிட்டதாம். அந்துருண்டை, புகையிலை, மிளகுத்தூள் என்று ஆளுக்கொரு வைத்தியம். "எலிக்கு இன்னா தெரியும் சார் அது எந்த ஊர் காருன்னு? பேசாம ஒரு பூனை வளங்க" என்றான் தணிகா.

டயர். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். வாரம் ஒரு முறையாவது நகர்த்தவும்.

கூலன்ட். பச்சையா, சிவப்பா? அரை மணி நேரம். முடிவு இல்லை. போன மாதமும் இல்லை.

வேகத்தடை. இது இல்லாமல் எங்கள் கூட்டம் கலையாது. எங்கள் வண்டி எல்லாமே இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், குள்ளம், வயிறு தரையில் தட்டும். வேகத்தடை கொஞ்சம் உயரமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் இறங்க வேண்டும். ஆள் பாரம் போனால் வண்டி ஒரு விரல் மேலே வரும். அப்புறம் குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். கோபி சார் ஒரு முறை வண்டலூரில் மனைவியை இறக்கிவிட்டு, தாண்டி, அப்படியே கூடுவாஞ்சேரி வரை காலி சீட்டோடு கூலன்ட் பற்றிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த அம்மா அன்றோடு பஸ்ஸுக்கு மாறிவிட்டார். இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

எனக்கு இறங்கி ஏறும் ஆள் ரகு. கட்டிய கணவன், பள்ளிக்கூட பௌதிக வாத்தியார், கார் ஓட்டத் தெரியாது, கற்கவும் மாட்டான். ஆனால் ஓர் அடி மர ஸ்கேலில் என் நகப்பூச்சை எடுத்து 11 செ.மீ.-ல் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறான். வேகத்தடை கோட்டுக்கு மேலே போனால் இறங்குவான், கீழே என்றால் உட்கார்ந்தே போவான். அளந்து பார்க்காமல் சொல்ல மாட்டான். பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிட்டாலும் கவலையில்லை.

முக்கியச் செய்தியைக் கடைசியில் எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு ஏலகிரி. முன்வண்டி நான். தணிகாதான் ஆரம்பித்தான். "இந்த வாட்டி அக்கா முன்னாடி போவட்டும். ஆறு வருசமா கடைசிலயே வந்துகினு கீது." யாரும் மறுக்கவில்லை. முன்வண்டி என்றால் சும்மா இல்லை. பள்ளம், மாடு, எதிரே லாரி, எல்லாம் அதை ஓட்டுபவர் பார்த்துக் கை காட்ட வேண்டும். பின்னால் வரும் ஐந்து பேரும் அவர் கண்ணை நம்பித்தான் வருவார்கள்.

"பாக்கலாம்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு குதி குதித்தேன். வயது ஐம்பத்து மூன்று.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். குரோம்பேட்டை, கண் ஆஸ்பத்திரி.

போன வாரம் படிக்கிற கண்ணாடி மாற்றத்தான் போனேன். அழுத்தம் அதிகம், இன்னொரு டெஸ்ட் எடுக்கணும் என்று இன்று வரச் சொன்னார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். விளையாட்டு மாதிரி இருந்தது. வலது கண்ணுக்கு டக் டக் டக். இடது கண்ணுக்கு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, "ஏம்மா, கரன்ட் போச்சா?" என்றேன். அந்தப் பெண், "ஓடிட்டுதான் மேடம் இருக்கு" என்றாள்.

டாக்டர் என் மகள் வயசு. காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். இடது கண் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு.

"இது கண் அழுத்த நோய். போன பார்வை திரும்ப வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். வலது கண்ணுலயும் லேசா ஆரம்பம்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. கறுப்பா எதுவும் தெரியலையே."

"கறுப்பா தெரியாது. அங்க ஒண்ணு இருக்குங்கறதே தெரியாது. மூளை சமாளிச்சிக்கும்." பிறகு, "வண்டி ஓட்டுவீங்களா?"

"எப்பவாவது. பக்கத்துக் கடைக்கு."

"இனிமே வேணாம். இடது பக்கம் யார் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

தலையாட்டினேன். சொட்டு மருந்து, இரவு ஒன்று, தவறவே கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பொய் சொன்ன வாய் காய்வதற்குள்.

ரகுவிடம், "பவர் மாறியிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதானே.

ஏலகிரி முடியட்டும். ஒரே ஒரு முறை. ஐந்து நாள் தள்ளிப் போட்டால் குடியா முழுகிவிடும்? இருபத்தாறு வருடம் ஆபீஸில் அடுத்தவன் திட்டத்துக்கு உழைத்து, வெளியே வந்து எனக்கென்று வாங்கியது இந்த வண்டி ஒன்றுதான். வாங்கிய அன்று நாத்தனார், "ரெண்டு பேர்தான் உக்காரலாமா? இதுக்கு ஸ்கூட்டியே போதுமே" என்றாள். இப்போது நிறுத்தினால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? கேவலம், இதைப் போய் யோசிக்கிறேன் பார்.


ஆகஸ்ட் 7, வியாழன்

மேகமூட்டம். செய்ய வேண்டியவை: டயர் காற்று, பிரேக் ஆயில், வைப்பர் ரப்பர், தலைவலித் தைலம் (எனக்கு).

காற்றடிக்க ரகுவோடு கிளம்பினேன். எங்கள் தெரு முனையிலேயே புதிதாக வேகத்தடை. நேற்று இல்லை. தெருக்காரர்களே இரவோடு இரவாக சிமென்ட் கொட்டி, ஓர் ஆட்டுக்கல்லைப் புதைத்த மாதிரி எழுப்பி வைத்திருக்கிறார்கள். ரகு இறங்கினான். ஸ்கேலை வைத்தான். "பதினாலு!" என்றான், ஏதோ பரிசு விழுந்தது போல.

வழக்கம்போல் முன்னால் போய் நின்று கை காட்டினான். வா, வா, இந்தப் பக்கம், வா. குறுக்காகத் திருப்பினேன். முன் சக்கரம் ஏறியது. அவனைக் காணவில்லை. ஒதுங்கிவிட்டான் என்று நினைத்து பிரேக்கை விட்டேன்.

"ஏய் ஏய் ஏய்!"

வண்டிக்கு இடது மூலையில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் நீட்டி, நில்லு நில்லு என்று. முட்டிக்குக் கீழே பம்பர் இடித்திருக்கிறது. ஸ்கேல் கீழே விழுந்து கிடந்தது.

"என்ன ஜெயா, இவ்ளோ பெரிய ஆளு நிக்கிறேன், கண்ணு தெரியல?"

சாதாரணமாகத்தான் கேட்டான். எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். நான் எரிந்து விழுந்தேன். "நீ ஏன் அங்க போய் நின்ன? நேரா நிக்கத் தெரியாதா உனக்கு?" எதிர்வீட்டுப் பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவன் ஸ்கேலை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஏறினான். காற்றடிக்கப் போகவில்லை. திரும்பிவிட்டோம்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

ரகுவின் கால் நீலம் பாரித்திருக்கிறது. ஐஸ் வைத்தான், பள்ளிக்கூடம் போனான். மாடிப்படியில் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

குழுவில் காலையிலிருந்து நாற்பத்தேழு செய்தி. ஏலகிரி சாப்பாடு, ஆம்பூரில் நிற்பதா வேண்டாமா. கோபி சார்: "முன்வண்டி மேடம் கிட்ட ஒரு வேண்டுகோள், கொண்டை ஊசி வளைவுல கொஞ்சம் மெதுவா. பின்னால வர்ற கிழவனுக்கு இடுப்பு வலி." சிரிக்கிற பொம்மை போட்டேன்.

பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நேராகக் காலண்டரைப் பார். இடது பக்கம் டம்ளர். இல்லை. கொஞ்சம் முன்னால் நகர்த்து. இல்லை. இன்னும். திடீரென்று டம்ளர். எங்கிருந்தோ முளைத்த மாதிரி. ஏழெட்டு முறை செய்தேன். டம்ளர் கறுப்பாகவும் ஆகவில்லை, மங்கலாகவும் ஆகவில்லை. மேஜை மட்டும் தெரிந்தது, ஒழுங்காக, சுத்தமாக, டம்ளர் இல்லாமல். அதுதான் பயம்.

டம்ளர் இருந்த இடத்தில் நேற்று ரகு.

நேற்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தது மட்டும்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்திருந்தால்? அழுதேன். வாய்விட்டு, சமையலறையில், குக்கர் சத்தத்தோடு.

சாயங்காலம் அவன் வந்ததும் காபி கூடக் கொடுக்காமல் சொல்லிவிட்டேன். டெஸ்ட், கறுப்புப் படம், டாக்டர் சொன்னது, நான் சொன்ன பொய், எல்லாம். காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். வாத்தியார் புத்தி, முதலில் அளவுகோல் எங்கே என்றுதான் தேடினான்.

"செவ்வாக்கிழமையேவா தெரியும்?"

"ம்."

"அப்ப நேத்து என்னைத் திட்டினது..."

"ம்."

எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிற ஆள் இல்லை. இன்று போனான். அரை மணி கழித்துக் கீழே வந்து, "மருந்து ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா, வெளிய வைக்கணுமா?" என்றான். ஏலகிரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 9, சனி

தூறல், உடனே வெயில்.

குழுவுக்கு எழுதினேன். நான்கு முறை அழித்தேன். "சொந்த வேலை" என்று போட்டு அழித்தேன். "வண்டியில் சின்னக் கோளாறு" என்று போட்டு, வண்டியின் மேல் பழியா என்று அழித்தேன். கடைசியாக: "எனக்குக் கண்ணில் அழுத்த நோய். இடது பக்கம் தெரியவில்லை. டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாளை நான் முன்னால் போக முடியாது. பின்னாலும் முடியாது. ஜெயா."

பதினொரு நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் படித்ததாக நீலக் குறி. பிறகு கோபி சார்: "பச்சைதான் நல்லதுன்னு மெக்கானிக் சொல்றார்." அடுத்த நொடி அதை நீக்கிவிட்டு, "சாரி மேடம், மேல இருக்கறத இப்பதான் படிச்சேன்" என்று போட்டார். அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் மஞ்சள் வண்டி. தணிகா. கோவிலம்பாக்கத்திலிருந்து அந்தச் சாலைப் பள்ளங்களைத் தாண்டி வந்திருக்கிறான். அவன் குடும்பத்துக்கு அங்கே அந்தக் காலத்திலிருந்தே நிலம், இப்போது மேலே கட்டடங்கள். நாற்பது வயது, பேச்சில் ஊசி. முதல் ஆளாகக் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்திருந்தேன். பொம்பளை ஓட்டினா இப்படித்தான் என்று.

"இன்னாக்கா இது, ஒரு போன் கூடப் பண்ணல நீ?" உட்காரவே இல்லை. "சரி. வண்டி எப்படிக் கீது?"

"வண்டிக்கென்ன, நல்லாதான் இருக்கு."

"அப்ப அது ஏன் வூட்ல குந்திக்கினு கெடக்கணும்? நான் ஓட்றேன். நீ பக்கத்துல உக்காரு. முன்னாடி போவப் போறது உன் வண்டிதான்னு பேசியாச்சு, அதுல மாத்தம் இல்ல. என் வண்டி இங்க நிக்கட்டும்."

ரகு உடனே, "எலி?" என்றான்.

"நீ பாத்துக்க சார்."

என் வண்டியை ஆறு வருடத்தில் வேறு யாரும் ஓட்டியதில்லை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. தலையாட்டிவிட்டேன்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு (எழுதுவது 11, திங்கள் காலை)

நல்ல காற்று. கிளம்பும்போது ரகு ஸ்கேலை என் கையில் கொடுத்தான். "கோட்டுக்கு மேல போனா இறங்கு. நேரா நில்லு, மூலைல நிக்காத." இன்னும் நொண்டல் இருக்கிறது.

இடது சீட்டில் இதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. எவ்வளவு தாழ்வு! லாரிச் சக்கரம் காதருகே ஓடுகிறது. ரகு இத்தனை வருடம் இதில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. தணிகா நன்றாகத்தான் ஓட்டுகிறான். கியர் மாற்றும்போது மட்டும் என் கால் தானாகவே அமுக்கியது, அங்கே அமுக்க ஒன்றுமில்லை.

மலையடிவாரத்தில் பெரிய வேகத்தடை. இறங்கினேன். அளந்தேன். பதின்மூன்று. வண்டிக்கு வலது பக்கம் முன்னால் நின்று கை காட்டினேன். தணிகா ஏற்றி இறக்கினான். பின்னால் ஒவ்வொன்றாக நான்கு வண்டி. என் கையைப் பார்த்தே நகர்ந்தன. கடைசியாகக் கோபி சார் தாண்டி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பினால், என் வண்டி இல்லை.

தணிகா போய்விட்டான்! மேலே வளைவில் என் வண்டியின் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு வருடம் உள்ளே உட்கார்ந்தே கேட்டது. வெளியிலிருந்து நேற்றுதான் முதல் முறை. இவ்வளவு நன்றாகவா இருக்கும்? ஸ்கேலோடு நடுரோட்டில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கோபமே வரவில்லை.

கோபி சார் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு போனார், வழியெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு. பதினாலு வளைவும் தாண்டி மேலே தணிகா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "சத்தியமா மறந்துட்டேன்க்கா! அது இழுக்குது பாரு ஒரு இழுப்பு, நீ இல்லன்றதே தெரியல."

மற்றவர்கள் டீ குடிக்க முன்னால் போனார்கள். அங்கே நேர்ச்சாலை, இருபுறமும் மரம். தணிகா சாவியை நீட்டினான். குரலைத் தாழ்த்தி, "ஒரே கிலோமீட்டர் ஓட்டுக்கா. ரோடு காலியா கீது. எவனும் பாக்க மாட்டான், நானும் சொல்ல மாட்டேன்" என்றான்.

பார்த்தேன். காலிதான். வெயில் புள்ளி புள்ளியாக விழுந்த, சுத்தமான, காலிச் சாலை. கை நீண்டுவிட்டது. சாவியின் சூடு கூட விரலில் பட்டது.

அப்புறம் டம்ளர் ஞாபகம். கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பினேன்.

நான்கடி தள்ளி ஒரு பெண். தலையில் புல்லுக்கட்டு, கையில் ஒரு சின்னப் பிள்ளை. நாங்கள் நகர்ந்தால் சாலையைக் கடக்கலாம் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

ஸ்கேலை உயர்த்தி, போ என்று அவளுக்குக் கை காட்டினேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு கடந்தாள். அவர்கள் அந்தப் பக்கம் சேரும் வரை நின்றேன். பிறகு இடது பக்கமாகப் போய் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டேன்.

"நீயே ஓட்டு, தணிகா."